பற்று நோட்டிலிருந்து தொடங்குங்கள்: இராமநாதபுரம் கடலோரப் பொறியியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

தொண்டி, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று இந்தக் கடலோரத்து ஊர்களிலிருந்து பொறியியல் படிக்கப் போனவர்கள் நீங்கள். மெக்கானிக்கலோ சிவிலோ கம்ப்யூட்டரோ, படிப்பு முடிவதற்குள் உங்களுக்கு ஒரு தொழில் பாடம் வந்தே தீரும். சிலருக்கு மேலாண்மைக் கோட்பாடுகள், சிலருக்குப் பொறியியல் பொருளாதாரமும் நிதிக் கணக்கியலும், சிலருக்குத் தொழில்முனைவு. இந்தப் பாடங்களை நடத்துகிறவர்கள், விடைத்தாள் திருத்துகிறவர்கள், திட்ட அறிக்கைகளைப் பார்க்கிறவர்கள் எனச் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

இந்தப் பேப்பருக்கு வகுப்பில் ஒரு பெயர் உண்டு: கதைப் பேப்பர். முந்தின நாள் ராத்திரி புரட்டினால் போதும், பக்கம் நிறைய எழுதினால் பாஸ் என்ற நம்பிக்கை சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறி வருகிறது. நம்பாதீர்கள். மேலாண்மையின் 14 கோட்பாடுகளை வகுத்த ஹென்றி ஃபயோல் சுரங்கப் பொறியாளர். தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் ஸ்டாப் வாட்ச் வைத்து அளந்த ஃபிரெடெரிக் டெய்லர் இயந்திரப் பொறியாளர். எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று கட்டம் போட்டுக் காட்டும் காண்ட் சார்ட்டுக்குப் பெயர் தந்த ஹென்றி காண்ட்டும் இயந்திரப் பொறியாளர்தான். அளந்து பார்க்கிறவர்கள் உண்டாக்கிய பாடம் இது. அளக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இதில் மார்க்கும் வரும், பிற்பாடு சோறும் வரும்.

நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். புத்தகத்தில் இருக்கும் 'எக்ஸ் லிமிடெட்' கம்பெனியை விட்டுவிட்டு, உங்கள் ஊரில் கண்முன்னே நடக்கும் ஒரே ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, பாடத்தின் எல்லா யூனிட்டையும் அதன் மேல் போட்டுப் பாருங்கள். எப்படி என்று எழுதுகிறோம்.

பற்று, வரவு என்ற இரண்டு சொற்களில்தான் பலருக்கு முதல் சறுக்கல். வீட்டில் வரவு என்றால் கைக்கு வந்த காசு. பள்ளிக்கூடத்துக் கணக்குப் பதிவியலில் டெபிட்டுக்குப் பற்று என்றும் கிரெடிட்டுக்கு வரவு என்றும் பெயர். ரொக்கம் கைக்கு வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று எழுது என்று ஆசிரியர் சொன்னதும், 'வந்தது வரவுதானே' என்று தலை சுற்றும். பேங்க் பாஸ்புக்கில் நாம் போட்ட பணம் கிரெடிட் என்று அச்சாகியிருப்பதைப் பார்த்தால் இன்னும் சுற்றும்.

இதற்கு மருந்து பெட்டிக்கடையில் இருக்கிறது. கடைக்காரரின் பற்று நோட்டை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆளுக்கு ஒரு பக்கம். சரக்கு எடுத்துக்கொண்டு காசு தராதபோது, எடுத்தவருடைய பக்கத்தில் 'பற்று 450' என்று எழுதுகிறார். அவர் பிறகு 300 ரூபாய் கொண்டுவந்து கொடுத்தால், அதே பக்கத்தில் 'வரவு 300' என்று வைக்கிறார். மீதி 150 பற்று நிற்கிறது. அந்த ஆள் கடைக்காரருக்குக் கடனாளி. கடனாளி கணக்கில் பற்று மீதி நிற்கும் என்று புத்தகம் சொல்வது இதைத்தான். இப்போது கவனியுங்கள்: அந்தப் பக்கத்தில் எழுதிய வரவு கடைக்காரருடைய வரவல்ல, பக்கத்துக்குரிய ஆள் கொடுத்ததற்கான வரவு. யார் பக்கமோ அவர் வாங்கிக்கொண்டால் பற்று, கொடுத்தால் வரவு. ரொக்கத்துக்கும் ஒரு பக்கம் திறந்து, கல்லாப்பெட்டியை ஓர் ஆள் என்று நினையுங்கள். அந்த 300 ரூபாயைக் கல்லாப்பெட்டி வாங்கிக்கொண்டது. ஆகவே ரொக்கம் பற்று. வாங்கியவர் பக்கத்தில் பற்று, கொடுத்தவர் பக்கத்தில் வரவு, இரண்டும் ஒரே 300. இரட்டைப் பதிவு முறை முழுவதும் இதற்குள் அடங்கிவிட்டது. பாஸ்புக் என்பது பேங்க் தன் பேரேட்டில் உங்களுக்காகத் திறந்த பக்கம். நீங்கள் கொடுத்தீர்கள், அதனால் உங்கள் பக்கத்தில் வரவு. இரண்டுக்கும் முரணே இல்லை.

இது தெளிந்த பிறகு இறுதிக் கணக்குகளில் மார்க் போவது பெரும்பாலும் சரிக்கட்டல்களில்தான். இருப்பாய்வுக்கு (எல்லாக் கணக்குகளின் மீதிகளையும் திரட்டிய பட்டியல், டிரயல் பேலன்ஸ்) வெளியே, கீழே தனியாகக் கொடுத்திருக்கும் ஒவ்வொரு சரிக்கட்டலும் (அட்ஜஸ்ட்மென்ட்) இரண்டு இடத்தில் வர வேண்டும். இறுதிச் சரக்கிருப்பு வியாபாரக் கணக்கின் வரவுப் பக்கத்திலும் இருப்புநிலைக் குறிப்பின் (பேலன்ஸ் ஷீட்) சொத்துப் பக்கத்திலும் வரும். கொடுபட வேண்டிய சம்பளத்தைச் சம்பளத்தோடு கூட்டி, பொறுப்புகளிலும் காட்ட வேண்டும். முன்கூட்டிச் செலுத்திய காப்பீட்டைச் செலவில் கழித்து, சொத்தில் காட்ட வேண்டும். தேய்மானம் இலாப நட்டக் கணக்கின் பற்றில் வரும். சொத்தின் மதிப்பிலும் கழியும். ஓர் இடத்தில் போட்டு இன்னோர் இடத்தில் விட்டால் இரண்டு பக்கமும் ஒத்துவராது. கேள்வித்தாளிலேயே ஒவ்வொரு சரிக்கட்டலுக்குப் பக்கத்திலும் இரண்டு சிறு கோடு போட்டு, எழுதியதும் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு போங்கள். அவ்வளவு போதும்.

அப்படியும் ஒத்துவரவில்லையா? வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் பெரும்பாலும் இலக்கம் இடம் மாறியிருக்கும். 5,400-ஐ 4,500 என்று எழுதியிருப்பீர்கள், வித்தியாசம் 900. இல்லையென்றால் வித்தியாசத்தில் பாதியை எடுத்து, அந்தத் தொகை கேள்வியில் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் தவறான பக்கத்தில் எழுதிவிட்டீர்கள். இரண்டும் இல்லையென்றால் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். ஒத்துவராத இருப்புநிலைக் குறிப்புக்கும் படிப்படியாக மார்க் உண்டு. அதைத் தேடி அரை மணி நேரத்தைத் தொலைத்தால், எழுதாமல் விட்ட அடுத்த கேள்விக்கு மார்க் கிடையாது. தலைப்பையும் சரியாக எழுதுங்கள். இலாப நட்டக் கணக்கு 'மார்ச் 31 அன்று முடிவடையும் ஆண்டுக்குரியது'. இருப்புநிலைக் குறிப்பு 'மார்ச் 31 அன்று உள்ளபடி'. ஒன்று ஓராண்டின் ஓட்டம், மற்றொன்று ஒரு நாளின் நிலை. அந்த வேறுபாடு தெரிந்தவர் எழுதிய தாள் என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடும்.

இனி இந்த மடலின் நடுப்பகுதிக்கு வருகிறோம். சமநிலைப் புள்ளி, அதாவது பிரேக் ஈவன்: இலாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் நிற்கும் விற்பனை அளவு. சூத்திரம் எல்லாருக்கும் தெரியும்: நிலைச் செலவை, அதாவது விற்றாலும் விற்காவிட்டாலும் ஆகும் செலவை, ஒரு அலகுக்கான பங்களிப்பால் வகுக்க வேண்டும். பங்களிப்பு என்பது விற்பனை விலையில் மாறும் செலவைக் கழித்தது. பரீட்சையில் இதைச் சரியாகப் போடுகிற பலர், திட்ட அறிக்கையில் கோட்டை விடுகிறார்கள். ஏனென்று ஓர் ஐஸ் கம்பெனியை வைத்துப் பார்ப்போம். கீழே வரும் ரூபாய் எண்கள் கணக்குப் பழக நாங்கள் வைத்தவை. நீங்கள் விசாரித்துக் கொண்டுவரும் எண்ணை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு 10 டன், அதாவது 50 கிலோ கட்டி 200 எடுக்கும் ஆலை. மாறும் செலவில் முதலாவது கரண்ட். அதை யாரிடமும் கேட்காமல் நீங்களே கணக்கிட முடியும், பொறியியல் மாணவருக்கு இருக்கும் அனுகூலம் அதுதான். ஒரு டன் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 126 மெகா ஜூல். உறையவைக்க 334. மைனஸ் 8 டிகிரி வரை இன்னும் குளிரூட்ட சுமார் 17. மொத்தம் 477 மெகா ஜூல், ஒரு யூனிட் 3.6 மெகா ஜூல் என்பதால் 3.6-ஆல் வகுத்தால் 132 யூனிட் அளவுக்கு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். சி.ஓ.பி., அதாவது ஒரு யூனிட் கரண்டுக்கு எத்தனை யூனிட் வெப்பம் வெளியேறும் என்ற விகிதம், 2.5 என்றால் கம்ப்ரசருக்கு 53 யூனிட். பம்பு, உப்புநீர்த் தொட்டியைக் கலக்கும் மோட்டார், சுவர் வழி உள்ளே வரும் வெப்பம், அச்சிலிருந்து கட்டியை விடுவிக்கும்போது உருகிப்போவது எல்லாம் சேர்த்து 70 யூனிட் என்று வையுங்கள். யூனிட் 8 ரூபாய் என்றால் டன்னுக்கு 560 ரூபாய், ஒரு டன்னில் 20 கட்டி, கட்டிக்கு 28 ரூபாய். தண்ணீருக்கு 5 (கடலோரத்தில் தண்ணீர் இலவசம் என்று எழுதிவிடாதீர்கள், நிலத்தடியில் வருவது பல இடங்களில் உப்பு), ஏற்றுகூலி 4, உப்பு, அம்மோனியா, சில்லறை 3. ஆக மாறும் செலவு 40 ரூபாய். விற்பது 90 ரூபாய்க்கு என்றால் பங்களிப்பு 50.

நிலைச் செலவுகள், ஆண்டுக்கு: ஆறு பேருக்கு மாதம் 15,000 வீதம் சம்பளம் 10,80,000. மின்வாரியத்துக்கு 60 கிலோவாட் ஒப்பந்த சுமைக்கு, கிலோவாட்டுக்கு மாதம் 500 வீதம் 3,60,000. மிஷின் ஓடினாலும் நின்றாலும் இதைக் கட்ட வேண்டும். 48 லட்சம் கடனுக்கு 10 சதவீதத்தில் வட்டி 4,80,000. 60 லட்ச ரூபாய் ஆலைக்குப் பத்தாண்டுத் தேய்மானம் 6,00,000. பராமரிப்பு, காப்பீடு, உரிமக் கட்டணம், வாடகை எல்லாம் சேர்த்து 4,80,000. கூட்டினால் 30 லட்சம். 50-ஆல் வகுத்தால் 60,000 கட்டி.

இந்த இடத்தில் பலர் என்ன எழுதுகிறார்கள் என்றால், நாளைக்கு 200, ஆண்டுக்கு 365 நாள், ஆக 73,000 கட்டி. சமநிலைப் புள்ளி 60,000. சமநிலைக்கு மேல் விற்கும் அளவு, அதாவது பாதுகாப்பு விளிம்பு, 13,000 கட்டி, திட்டம் இலாபகரமானது என்று முடித்துவிடுகிறார்கள். கோடு போட்ட வரைபடமும் அழகாக இருக்கும். ஆனால் அந்த 365 வேறு ஏதோ ஊருடைய 365. நம் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். மிச்சம் 304 நாள். ஒரு நாள்கூடத் தவறாமல் முழுத் திறனில் ஓடினாலும் 60,800 கட்டிதான் வரும். விளிம்பு 13,000 அல்ல, 800. ஆண்டு இலாபம் 40,000 ரூபாய்.

அந்த 304 நாளிலும் முழுத் திறன் ஏது? பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு நெடுநாளாக இருக்கிறது. 304 நாள் என்பது சுமார் 43 வாரம். அப்படியானால் விசைப்படகு கடலுக்குப் போகும் நாள் சுமார் 130. அதிலும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாட்கள், வேலைநிறுத்த நாட்கள் கழியும். நாட்டுப்படகுக்கும் ஐஸ் வேண்டும், தடைக்காலத்திலும் கொஞ்சம் விற்கும். ஆனால் ஒரு நாட்டுப்படகு வாங்கும் ஐஸும் விசைப்படகு வாங்கும் ஐஸும் ஒன்றல்ல. 304 நாளுக்குச் சராசரியாக 70 சதவீதம் விற்கும் என்று தாராளமாகவே வைப்போம். 42,560 கட்டி. சமநிலைக்கு 17,440 கட்டி குறைகிறது. 50-ஆல் பெருக்கினால் ஆண்டு நட்டம் 8,72,000 ரூபாய். விலையை 110-ஆக உயர்த்தினால்கூடச் சமநிலைப் புள்ளி 42,857, அப்போதும் தொடவில்லை. பக்கத்து ஆலை 90-க்கு விற்றுக்கொண்டிருக்கும்போது உங்களிடம் யார் 110 கொடுத்து வாங்குவார்கள்?

இந்தத் திட்டத்தை இந்த அளவில் தொடங்க வேண்டாம் என்பதுதான் இந்தக் கணக்கின் முடிவு. அப்படியே எழுதுங்கள். 'வேண்டாம்' என்று முடியும் அறிக்கை தோற்றுப்போன அறிக்கை என்று மாணவர்கள் பயப்படுகிறார்கள். பயந்து, விற்பனையைக் கூட்டி, செலவைக் குறைத்து, எப்படியாவது இலாபத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். திருத்துகிறவர் தேடுவது எண் எங்கிருந்து வந்தது, முடிவு அதிலிருந்து வந்ததா என்பதை. சரியான காரணத்தோடு 'வேண்டாம்' என்று சொன்ன அறிக்கைக்கு முழு மார்க் போடத் தயங்கும் ஆசிரியர் யாரேனும் இருந்தால், அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்: தயவுசெய்து போடுங்கள். நாளைக்கு ஒரு குடும்பத்தின் நகையும் நிலமும் அடமானத்துக்குப் போகாமல் காப்பாற்றும் பழக்கம் அது.

வேண்டாம் என்பதற்கு அடுத்த வரியில், எப்படியிருந்தால் வேண்டும் என்றும் எழுத வேண்டும். 6 டன் ஆலையாகச் சுருக்கினால் ஒப்பந்த சுமை எவ்வளவு குறையும், ஆள் எத்தனை குறையும்? ஆறு பேரில் மூன்று பேரை நாள்கூலியாக வைத்தால் நிலைச் செலவில் ஒரு பகுதி மாறும் செலவாகிவிடும். சமநிலைப் புள்ளி எங்கே நகரும்? ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகப் போட்டு, எது முடிவைப் புரட்டுகிறது என்று காட்டுங்கள். பத்து வரிப் பட்டியல் போதும். உணர்திறன் பகுப்பாய்வு என்று பெரிய பெயரில் கேட்பது இதைத்தான்.

இலாபமும் கைக்காசும் வேறு என்பதற்கும் இதே ஆலை போதும். 60,800 கட்டியும் விற்று 40,000 இலாபம் வந்த நல்ல ஆண்டையே எடுத்துக்கொள்வோம். தேய்மானம் 6,00,000 கையை விட்டுப் போகாத செலவு. அதைத் திருப்பிக் கூட்டினால் 6,40,000. ஆனால் 48 லட்சம் கடனை ஆறு ஆண்டில் அடைக்க ஆண்டுக்கு 8,00,000 அசல் கட்ட வேண்டுமே, அது இலாப நட்டக் கணக்கில் எங்கேயும் வராது. இலாபம் காட்டிய ஆண்டிலேயே பேங்குக்குக் கட்ட 1,60,000 குறைகிறது. பேங்க் இதைத்தான் கடன் தீர்க்கும் விகிதம் என்று பார்க்கிறது: இலாபம், தேய்மானம், வட்டி மூன்றையும் கூட்டினால் 11,20,000, அசலும் வட்டியும் 12,80,000, வகுத்தால் 0.875. ஒன்றுக்குக் கீழே இருந்தால் மேலாளர் அடுத்த பக்கத்தைப் புரட்ட மாட்டார். அறிக்கையில் இந்த ஒரு எண்ணை நீங்களே கணக்கிட்டு எழுதியிருந்தால், வாய்மொழித் தேர்வில் பாதிக் கேள்வி அதோடு நின்றுவிடும்.

மாதவாரி ரொக்க ஓட்டமும் போடுங்கள். தேய்மானம் நீங்கலாக நிலைச் செலவு ஆண்டுக்கு 24 லட்சம், மாதம் 2 லட்சம். தடைக்காலம் இரண்டு மாதத்துக்கு, மிஷின் ஓடாமலே சுமார் 4 லட்சம் வெளியே போகும். அது ஏப்ரல் 15-க்கு முன்பே கையில் இருக்க வேண்டும். இன்னொரு பக்கம், ஐஸ் பெரும்பாலும் கடனுக்குத்தான் போகும். மீன் விற்று, தரகர் கழிவு போய், படகுக்காரர் கைக்குக் காசு வந்த பிறகுதான் உங்கள் பற்று நோட்டில் வரவு விழும். நாளைக்கு 150 கட்டி, 90 ரூபாய், 30 நாள் கடன் என்றால் 4,05,000 ரூபாய் எப்போதும் அடுத்தவர் கையில் இருக்கும். நடைமுறை மூலதனம் (அன்றாடம் தொழில் ஓடத் தேவையான பணம்) என்ற தலைப்பில் ஒப்புக்கு ஒரு லட்சம் என்று எழுதி வைக்கிறார்களே, அது இந்த இடத்தில்தான் உடையும்.

மானியம் பற்றி ஒரு வார்த்தை. பட்டம், பட்டயம், ஐ.டி.ஐ. படித்தவர்களுக்காகத் தமிழக அரசின் நீட்ஸ் திட்டம் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரையான திட்டங்களுக்கு 25 சதவீதம், உச்சவரம்பு 75 லட்சம் என்று மூலதன மானியமும், வட்டியில் 3 சதவீதச் சலுகையும் உண்டு. அறிக்கைகளில் இந்த மானியத்தை முதலாண்டு வருமானத்தில் சேர்த்து இலாபம் காட்டுவது பெருந்தவறு. அது மூலதனத்தோடு சேர வேண்டியது, விற்பனையோடு அல்ல. நம் ஆலைக்கு 15 லட்சம் கிடைத்ததாக வைத்துப் பாருங்கள். கடன் 33 லட்சம், 7 சதவீத வட்டி 2,31,000. தேய்மானம் 45 லட்சத்துக்கு 4,50,000. நிலைச் செலவு 26,01,000-ஆகக் குறையும். சமநிலைப் புள்ளி 52,020 கட்டி. விற்கக்கூடியது 42,560. மானியம் வந்தும் கரை சேரவில்லை. மானியத்தைக் கழற்றிவிட்டு முதலில் ஒரு முறை, சேர்த்து ஒரு முறை என்று இரண்டு கணக்காகப் போடும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

நாளை வரும் ரூபாய் இன்றைய ரூபாய்க்குச் சமமல்ல என்ற பணத்தின் கால மதிப்புக்குக் கருவாட்டை எடுத்துக்கொள்ளலாம். முதலில் பொருள் சமன்பாடு, அதாவது உள்ளே போன எடையில் எவ்வளவு வெளியே வருகிறது என்ற கணக்கு. பச்சை மீனில் 75 சதவீதம் ஈரம், கருவாட்டில் 25 சதவீதம் என்றால், 100 கிலோ மீனில் திடப்பொருள் 25 கிலோ, 0.75-ஆல் வகுத்தால் 33 கிலோ கருவாடு. உப்பின் எடையையும் தலை, குடல் கழிவதையும் இதில் சேர்க்கவில்லை. கிலோ 60 ரூபாய் மீன் என்றால் கருவாட்டில் மீன் விலை மட்டுமே கிலோவுக்கு 180. 'பாதிக்குப் பாதி தேறும்' என்று குத்துமதிப்பாக எழுதும் அறிக்கை இந்த முதல் வரியிலேயே தவறிவிடுகிறது.

இப்போது 3,00,000 ரூபாய்க்கு ஒரு சூரிய உலர்த்தி. மணலில் காயவைப்பதைவிட ஆண்டுக்கு 80,000 கூடுதலாகக் கிடைக்கும், ஆறு ஆண்டு உழைக்கும், வட்டி விகிதம் 12 சதவீதம். ஆண்டுதோறும் வரும் ஒரு ரூபாயின் இன்றைய மொத்த மதிப்பு, அதாவது ஆறு ஆண்டுக்கான தொடர் நிகழ்கால மதிப்புக் காரணி, 4.1114. பெருக்கினால் 3,28,912. முதலீட்டைக் கழித்தால் நிகர நிகழ்கால மதிப்பு 28,912 கூட்டல், வாங்கலாம். ஆனால் அந்த 80,000 பன்னிரண்டு மாதத்துக்குப் போட்டதா? விசைப்படகு மீனை மட்டும் நம்பியிருந்தால் பத்து மாதம்தான். 66,667-ஐ அதே காரணியால் பெருக்கினால் 2,74,094. இப்போது 25,906 கழித்தல். ஒரே சாதனம், ஒரே சூத்திரம், இரண்டு மாதத்தை மறந்ததும் விடையின் குறி மாறிவிட்டது. உப்புக்காற்றையும் மறக்காதீர்கள். ஆறு ஆண்டு உழைக்கும் என்று விற்பவர் சொல்வது எந்த ஊர்க் காற்றுக்கு? கால்வனைஸ் பூசாத இரும்புச் சட்டம் நம் கரையில் சீக்கிரம் பொரிந்துவிடும். வருமான வரிக்கு இயந்திரத்துக்கு 15 சதவீதம் என்று குறைந்து செல்லும் மதிப்பில் தேய்மானம் எழுதுவது வரிக்கணக்கு. சாதனம் உண்மையில் எத்தனை ஆண்டு நிற்கும் என்பது உங்கள் மெட்டீரியல் பாடம். முதலீட்டு முடிவுக்கு இரண்டாவதைத்தான் போட வேண்டும்.

விசாரிக்கப் போகும்போது இலாபம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். எந்தத் தொழில்காரரும் அதற்கு நேர்ப் பதில் சொல்ல மாட்டார், சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எத்தனை கட்டி போகிறது, கட்டி என்ன விலை, போன மாதக் கரண்ட் பில் எவ்வளவு, எத்தனை பேர் வேலை, கூலி நாள் கணக்கா மாதக் கணக்கா, எத்தனை நாளில் காசு வரும் என்று அளவுகளாகக் கேளுங்கள். படகு கரைக்கு வரும் காலை நேரத்தில் மீன்பிடித் துறைமுகத்தில் யாரையும் நிறுத்திப் பேசாதீர்கள். ஏலம் முடிந்து, ஐஸ் ஏற்றி முடித்து, டீ குடிக்கும் நேரம் பாருங்கள். ஓர் எண்ணை ஒருவரிடம் மட்டும் கேட்டு எழுதாமல் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் கேளுங்கள். கருவாடு காயவைக்கும் அக்காமார், பாசி எடுக்கப் போகும் அம்மாமார் சொல்லும் கணக்கு எந்தச் சந்தை அறிக்கையையும்விட நுணுக்கமாக இருக்கும். அதைக் கேட்டு எழுதினால், அவர்களுடைய உழைப்புக்கும் ஒரு நாள் கூலி போட்டுச் செலவில் சேருங்கள். வீட்டு ஆள் வேலைக்குக் காசில்லை என்று விட்டுவிட்டால், எந்தத் தொழிலும் இலாபமாகத்தான் தெரியும்.

குழுவாகச் செய்யும்போது ஐந்து பேரில் ஒருவரே எழுதி நால்வர் பெயர் போட்டுக்கொள்வது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இருவர் விசாரிக்க, ஒருவர் செலவுத் தாள் போட, ஒருவர் ரொக்க ஓட்டம் போட, மீதி ஒருவர் எல்லா எண்ணையும் சந்தேகப்படுவதையே வேலையாக வைத்துக்கொள்ளட்டும். அந்த ஐந்தாவது ஆள்தான் முக்கியம். '365 எங்கிருந்து வந்தது' என்று கேட்க வேண்டியவர் அவர்.

தேர்வு நாளுக்கு: அண்ணா பல்கலைக்கழகத் தாள் முறையில் இரண்டு மார்க் பத்து, 13 மார்க் ஐந்து, 15 மார்க் ஒன்று, மூன்று மணி நேரம். இரண்டு மார்க் பகுதிக்கு 30 நிமிடம், 13 மார்க் ஒவ்வொன்றுக்கும் 22, கடைசிக் கேள்விக்கு 25, சரிபார்க்க 15. கணக்குக் கேள்வியை முதலில் எழுதுங்கள். ஒவ்வோர் எண்ணும் எப்படி வந்தது என்ற செய்முறைக் குறிப்பை ஓரத்தில் கிறுக்காமல் விடைக்குக் கீழேயே எழுதுங்கள். கோட்பாட்டுக் கேள்வியில் ஃபயோலின் 14-ஐயும் வரிசையாக ஒப்பிப்பதைவிட, கேட்ட கோட்பாட்டை ஒரு வரியில் சொல்லி, அது மீறப்பட்டால் என்ன கெடும் என்று நீங்கள் பார்த்த தொழிலிலிருந்து இரண்டு வரி எழுதினால் போதும். பணியாளர் ஒருவருக்கு ஒரே மேலாள் என்பது கோட்பாடு. ஆலையில் மெக்கானிக் ஒன்று சொல்ல, கணக்குப்பிள்ளை வேறொன்று சொல்ல, அம்மோனியா வால்வைத் திறப்பதா மூடுவதா என்று ஆபரேட்டர் நின்றால் என்ன ஆகும்? அந்த விடைதான் மற்ற எல்லாத் தாளிலிருந்தும் தனியாகத் தெரியும்.

அறிக்கைக்கு விசாரிக்கப் போவதாக இருந்தால் ஏப்ரல் 15-க்கு முன்னால் ஒரு முறை போய்விடுங்கள். மே மாதத்தில் இன்னொரு முறை அதே ஐஸ் கம்பெனிக்குப் போங்கள். மிஷின் நின்றிருக்கும், தொட்டி காலியாக இருக்கும், பேசுவதற்கு அண்ணனுக்கும் நேரம் இருக்கும். அப்போது அந்த மாதத்துக் கரண்ட் பில்லைக் காட்டச் சொல்லிக் கேட்டு, நிலைக் கட்டணம் என்ற வரியில் உள்ள தொகையைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
தொழில் பாடம் நடத்துவோரும் திருத்துவோருமான உங்கள் அண்ணன்மார், அக்காமார்
இராமநாதபுரம்